சொட்டுகிற வினை

1932 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவர் படுதோல்வி அடைந்தார். 48 மாநிலங்களில் 42 மாநிலங்கள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பக்கம் போயின. பெருமந்தத்தின் நடுவே ஆட்சியில் இருந்தவர் ஏன் தோற்றார் என்று எழுதாத பத்திரிகை அந்த நாட்டில் இருந்திருக்காது. எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இன்று நூலக அலமாரிகளில் தூங்குகிறது. கயிறு சுழற்றி வித்தை காட்டி மேடைக்கு வந்து, பிறகு பத்தி எழுத்தாளராகவும் திரைப்பட நடிகராகவும் புகழ்பெற்ற வில் ரோஜர்ஸ், தேர்தல் முடிந்த சூட்டோடு எழுதிய சில வாக்கியங்கள் மட்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அவற்றுக்கு உயிர் கொடுத்தது ஒரு வினைச்சொல்: ‘ட்ரிக்கிள்’.

ரோஜர்ஸ் சொன்னதன் சாரம் இது. பணத்தையெல்லாம் உச்சியில் இருப்பவர்களுக்கு ஒதுக்கினார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே வடிந்து இல்லாதவர்களிடம் வந்து சேரும் என்று நம்பினார்கள். ஹூவர் ஒரு பொறியாளர். தண்ணீர் கீழ்நோக்கி வடியும் என்பது அவருக்குத் தெரியும். மேட்டில் திறந்துவிட்டால் மிகவும் காய்ந்து கிடக்கும் மூலைக்கும் அது போய்ச் சேரும். காசு மட்டும் மேல்நோக்கி வடியும் என்பது அவருக்குத் தெரியாமல் போயிற்று. அடியில் இருப்பவர்களிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். இருட்டுவதற்குள் அது எப்படியும் உச்சிக்குப் போய்விடும். போகிற வழியில் ஏழையின் கையையாவது ஒரு தடவை தொட்டுவிட்டுப் போகும்.

அரசியல் பொருளாதாரம் பற்றிய எழுத்தில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடிய பத்திகள் மிகக் குறைவு. கோபம் இருக்கிறது, குரல் உயரவில்லை. ஹூவரைத் திட்டவில்லை, அவருக்குத் தெரிந்ததைத் தெரியும் என்றே ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல் வெறும் மரியாதைக்குச் சொன்னதும் அன்று. ஹூவர் உண்மையிலேயே சுரங்கப் பொறியாளர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் முதல் மாணவர் அணியில் படித்து, மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சீனாவிலும் சுரங்கங்களில் வேலை பார்த்தவர். சுரங்கத்தில் தண்ணீர் எங்கே கசியும், எங்கே தேங்கும் என்பதை அறிவது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. ஆகவே அந்தக் கிண்டலின் ஒவ்வொரு சொல்லும் ஆளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் பொருந்துகிறது.

கைவண்ணம் உச்சத்தில் தெரிவது வினையைத் திருப்பிப் போட்ட இடத்தில். தண்ணீருக்கு எந்த வினையோ அதே வினைதான் காசுக்கும்; திசைச் சொல் ஒன்று மட்டும் மாறுகிறது, ‘டவுன்’ போய் ‘அப்’ வருகிறது. இயற்கையில் எதுவும் மேல்நோக்கிச் சொட்டாது. அந்த நடக்காத காரியத்தைச் சொல்லும்போது, காசு விஷயத்தில் அது தினமும் நடக்கிறதே என்று வாசகருக்குச் சுருக்கென்று உறைக்கிறது. கூலி கைக்கு வந்த அன்றே வாடகைக்கும் மளிகைக் கடனுக்கும் போய்விடுவதை அறிந்தவருக்கு அதற்கு விளக்கம் வேண்டாம்.

பின்னணியில் நடந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். 1932 ஜனவரியில் ஹூவர் அரசு மறுசீரமைப்பு நிதிக் கழகம் என்ற ஒன்றைத் தொடங்கியது. தொடக்க முதல் 50 கோடி டாலர். வங்கிகளுக்கும் ரயில்வே நிறுவனங்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் கடன் கொடுப்பது அதன் வேலை. அதன் தலைவராக இருந்த சார்லஸ் டாஸ் ஜூனில் பதவி விலகினார். சில வாரங்களுக்குள் சிகாகோவில் அவர் சார்ந்த வங்கிக்கு 9 கோடி டாலர் கடன் போயிற்று. வேலையில்லாதவர்கள் இலவச ரொட்டிக்கு வரிசையில் நின்ற கோடைக்காலம் அது. அதற்கு முந்தைய பத்தாண்டில் நிதிச் செயலர் ஆண்ட்ரூ மெலன் உச்ச வருமான வரி விகிதத்தை 73 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காட்டுக்கு இறக்கியிருந்தார். இவை எல்லாவற்றையும் எண்களோடு அடுக்கி நூறு பேர் எழுதினார்கள். ரோஜர்ஸ் ஒரு வினையில் அடக்கினார்.

அந்த வினையைச் சற்றுக் கையில் எடுத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் இது பழைய சொல். 14ஆம் நூற்றாண்டில் சாசர் தம் கான்டர்பரி கதைகளில் ஒன்றில் ஒரு மடத்துத் தலைவரின் கண்ணீர் வழிவதற்கு இதே வினையை, இதே ‘டவுன்’ துணையோடு பயன்படுத்தியிருக்கிறார். கன்னத்தில் இறங்கும் கண்ணீர், கண்ணாடியில் வழியும் மழைத்துளி, காயத்திலிருந்து கோடாக இறங்கும் ரத்தம்: இவற்றுக்கு உரிய சொல் இது. நீரின் நடமாட்டத்துக்கு ஆங்கிலத்தில் நீண்ட ஒரு படிவரிசை உண்டு. கொட்டுவது, பாய்வது, ஓடுவது என்று மேலிருந்து வந்தால், ஏறக்குறைய அடிப்படியில் நிற்பது ‘ட்ரிக்கிள்’. அதற்குக் கீழே சொட்டுவதும் ஊறுவதும் மட்டுமே. நம்மிடமும் அந்த வரிசை இருக்கிறது; இன்னும் நுட்பமாகவே இருக்கிறது. பாய்தல், பெருகுதல், ஓடுதல், வழிதல், ஒழுகுதல், வடிதல், கசிதல், பொசிதல், சொட்டுதல். ஒன்றை எடுத்தவர் நீரின் அளவைச் சொல்லிவிட்டார். வேகத்தைச் சொல்லிவிட்டார். போதுமா போதாதா என்ற தீர்ப்பையும் சொல்லிவிட்டார்.

‘ட்ரிக்கிள்’ என்பதன் இலக்கணமும் ரசிக்கத் தக்கது. இது செயப்படுபொருள் குன்றிய வினை. நீர் வடிகிறது, அவ்வளவுதான். யார் வடியவிட்டார்கள் என்ற கேள்விக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. ஒரு பொருளாதாரக் கொள்கையை இந்த வினையால் சொன்னவுடன், அதை வகுத்தவர் வாக்கியத்திலிருந்து மறைந்துபோகிறார்; செல்வம் தானாக இறங்கும், காலம் ஆகும், பொறுத்திரு என்ற தொனி வந்துவிடுகிறது. ஏழைகள் வினைக்கு எழுவாயாகவும் இல்லை, செயப்படுபொருளாகவும் இல்லை. கீழே, ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறார்கள். அந்தக் கொள்கையின் மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டு முழுவதும் இந்த ஒரு வினையின் இலக்கணத்திலேயே அடங்கியிருப்பதை நினைத்தால், மொழியின் மீது பிரியம் கூடுகிறது.

ரோஜர்ஸுக்கு முன்பும் இதே எண்ணத்துக்கு வேறு வினைகள் இருந்தன. 1776இல் வெளிவந்த ‘நாடுகளின் செல்வம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே ஆடம் ஸ்மித், உழைப்பைப் பிரித்துச் செய்வதால் பெருகும் செல்வம் சமூகத்தின் எல்லா அடுக்குகளுக்கும் செல்வதைப் பேசுகிறார். அவர் ஆண்ட வினைகள் நீளுதல், பரவுதல் என்ற பொருளுடையவை. வாசனை ஓர் அறையில் பரவுவது போன்ற அமைதியான வினைகள். அவற்றில் மேல் கீழ் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. நம்பிக்கையோடு எழுதிய மனிதரின் வினைகள் அவை. அவரை இந்தச் சொட்டுகிற வினைக்குத் தந்தையாக்கிச் சிலர் எழுதுகிறார்கள். அது அநியாயம்.

120 ஆண்டுகள் கழித்து, 1896 ஜூலை 9 அன்று, சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாட்டு மேடையில் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஏறினார். வயது 36. தங்க நாணய முறைக்கு எதிராக அவர் பேசிய பேச்சு அமெரிக்க மேடைப் பேச்சு வரலாற்றில் தனி இடம் பெற்றது. அதில் அரசைப் பற்றிய இரண்டு கருத்துகளை அவர் எதிரெதிரே நிறுத்தினார். வசதியானவர்களைச் செழிக்க வைத்தால் அவர்களுடைய செழிப்பு கீழே இருப்பவர்கள் மீது ஒழுகும் என்பது ஒரு கட்சி. வெகுமக்களைச் செழிக்க வைத்தால் அந்தச் செழிப்பு அவர்கள் மீது நிற்கும் ஒவ்வொரு வகுப்பின் ஊடாகவும் மேலே வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது மறு கட்சி. முதல் பக்கத்துக்கு அவர் தேர்ந்தது ‘லீக்’. கூரை ஒழுகுவது, குழாய் ஒழுகுவது, பீப்பாய் ஒழுகுவது. அதாவது, ஏழைக்குக் கிடைப்பது ஒரு பழுதால் கிடைப்பது. மேலே இருப்பவர் பாத்திரத்தைச் சரியாக அடைத்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. குத்து பலமான குத்துதான். ஆனாலும் ‘லீக்’ நிலைக்கவில்லை, ‘ட்ரிக்கிள்’ நிலைத்தது.

காரணம் என்று எனக்குப் படுவது இது. ஒழுகும் என்று யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். எதிராளி சொல்லவே சொல்லாத ஒன்றைப் பிரையன் அவர் வாயில் வைத்தார். கேட்டவர்கள் கைதட்டினார்கள், எதிராளி தோளைக் குலுக்கிவிட்டு நகரலாம். வடியும் என்று ஒருவர் நேர்மையாகவே வாக்குக் கொடுக்க முடியும். நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவது உண்மைதானே! ரோஜர்ஸின் வினை எதிராளியின் நம்பிக்கையை மதித்து உள்ளே அழைத்து, அதன் சிறுமையை அவரையே பார்க்க வைக்கிறது. கேலியில் நேர்மை இருந்தால்தான் அது நூறாண்டு நிற்கும். பிரையனின் இரண்டாம் பாதியை மட்டும் நான் மிக உயர்வாக வைப்பேன். செழிப்பு தன் வழியைத் தானே கண்டுபிடித்துக்கொண்டு மேலேறும் என்ற வினை அழகானது. செடியின் வேரிலிருந்து நீர் ஏறுவதை நினைவூட்டுவது. ரோஜர்ஸ் காசு மேலே வடியும் என்று சொன்னபோது, அதே எண்ணத்தைத்தான் சிரிப்பாக மாற்றினார்.

1949 ஜனவரியில் ஹாரி ட்ரூமன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில், நாட்டின் செழிப்பு மேலிருந்து வடியும் என்ற கருத்தைக் கைவிட்டுவிட்டோம் என்று அறிவித்தார். அதற்குள் வினை பெயரடையாகிவிட்டது. ‘ட்ரிக்கிள் டவுன்’ என்று நடுவே கோடு போட்டு, கொள்கை, கோட்பாடு, பொருளாதாரம் ஆகியவற்றின் முன்னால் ஒட்டும் முத்திரையாயிற்று. இது ஓர் இழப்பு என்றே நினைக்கிறேன். வினையாக இருந்தபோது வாசகர் கண் முன்னால் நீர் இறங்கியது. முத்திரையான பிறகு அது வசை. வசையைப் படிப்பவர் எதையும் பார்ப்பதில்லை. யார் பக்கம் என்று மட்டும் தெரிந்துகொள்கிறார். அரசியல் எழுத்தில் நல்ல வினைகளுக்கு அடிக்கடி நேரும் கதி இது.

முத்திரை குத்தப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் பெரும்பாலோர் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. பொருளாதார அறிஞர் தாமஸ் சோவல் 2012இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். இப்படி ஒரு கோட்பாட்டை முன்வைத்த பொருளாதார அறிஞர் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் என்பது அவருடைய நெடுநாள் சவால். வரியைக் குறைத்தால் முதலீடு முதலில் நடக்கிறது, கூலி உடனே கைக்கு வருகிறது, லாபம்தான் கடைசியில் வருகிறது, வந்தால். எனவே நீர் மேலிருந்து கீழே வருகிறது என்ற படமே தலைகீழானது என்பது அவர் வாதம். அவருடைய முடிவுகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால், எதிரணியின் வினையை ஏற்றுக்கொண்டு பேசத் தொடங்கினால் பாதி வாதம் அங்கேயே தோற்றுவிடும் என்பதை அவர் அளவுக்குப் புரிந்துகொண்டவர்கள் சிலரே. அதற்காகவே அந்தக் கட்டுரையைப் படிக்கலாம்.

முத்திரை குத்தப்பட்ட பக்கத்தின் சொந்த வினைகள் வேறு. அவற்றில் மிகச் சிறந்ததும் தண்ணீரிலிருந்தே வந்தது. உயரும் அலை எல்லாப் படகுகளையும் தூக்கும் என்பது. ஜான் கென்னடி அதை 1960களின் தொடக்கத்தில் பல மேடைகளில் சொன்னார். அதே நீர், ஆனால் இங்கே அது கீழிருந்து எழுகிறது. தூக்குதல் செயப்படுபொருள் குன்றா வினை; படகுகள் அதற்குச் செயப்படுபொருள். ஏழையின் ஓடத்துக்கும் வாக்கியத்தில் இடம் கிடைத்துவிட்டது. சொட்டுகிற வினையில் ஏழை காத்துக் கிடக்கிறார். தூக்குகிற வினையில் அவர் மற்றவர்களோடு ஒரே நேரத்தில் உயர்கிறார். படகே இல்லாதவர் என்ன ஆவார் என்ற கேள்வி அந்த வாக்கியத்தின் அழகில் மறைந்துபோவதுதான் அதன் வலிமை.

நம் நாட்டிலும் இப்படி ஒரு வினைமாற்றம் நடந்தது. 1960களின் தொடக்கத்தில் டெல்லியில் பீதாம்பர் பந்தோடு திட்டப் பணிகளில் ஈடுபட்ட இளம் பொருளாதார அறிஞர் ஜகதீஷ் பகவதி, வளர்ச்சியின் வழியாக வறுமையைக் குறைப்பதே அப்போதைய சிந்தனை என்று பின்னாளில் திரும்பத் திரும்ப எழுதினார். அதைச் சொட்டுகிற வினையால் யாராவது சொன்னால் அவர் விடமாட்டார். அவர் தந்த மாற்று, ‘புல் அப்’: மேலே இழுத்துவிடுதல். வளர்ச்சி வேலைகளைத் தருகிறது, வேலை ஏழையைக் கைப்பிடித்து இழுத்துவிடுகிறது. காத்திருக்கும் கொள்கைக்கு எதிராகச் செயல்படும் கொள்கை. 2013 வாக்கில் அவருக்கும் அமர்த்தியா சென்னுக்கும் நடந்த வளர்ச்சி விவாதத்தைப் பலர் எண்களின் சண்டையாகப் பார்த்தார்கள். வினைகளின் சண்டையாகவும் பார்க்கலாம். பகவதியின் வினைக்கு வலுவான தோள் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு கை நீளுவது தெரிகிறது. யாருடைய கை என்பதை மட்டும் அந்த வினை தெளிவாகச் சொல்வதில்லை.

ஆட்சியின் உள்ளேயே இருந்துகொண்டு இந்தச் சொட்டுகிற வினையை வாய்விட்டுச் சொன்னவர் டேவிட் ஸ்டாக்மன். அந்தக் கதை சுவையானது. 1981இல் ரொனால்டு ரீகன் அதிபரானபோது வரவு செலவுத் திட்ட அலுவலகத்தின் இயக்குநராக ஸ்டாக்மனை அமர்த்தினார். அவருக்கு 34 வயது. எண்களைத் தலைகீழாகச் சொல்லக்கூடியவர் என்று பெயர். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் ஆசிரியர் குழுவில் இருந்த வில்லியம் கிரைடரோடு சனிக்கிழமைகளில் காலை உணவுக்கு உட்கார்ந்து, ஒலிப்பதிவுக் கருவி ஓட, மாதக்கணக்கில் மனம்விட்டுப் பேசினார். ரீகனின் வரிக்குறைப்புச் சட்டம் அந்த ஆகஸ்டில் நிறைவேறியது. உச்ச விகிதம் 70இலிருந்து 50 விழுக்காட்டுக்கு இறங்கியது. எல்லோருக்கும் ஒரே அளவில் வரிக் குறைப்பு என்பதே மேடையில் சொல்லப்பட்டது. அதை ஸ்டாக்மன் கிரைடரிடம் ட்ரோஜன் குதிரை என்றார். உள்ளே இருந்தது உச்ச விகிதக் குறைப்பு. ‘ட்ரிக்கிள் டவுன்’ என்று சொல்லி விற்பது கடினம், ஆகவே அளிப்பு வழிப் பொருளாதாரம் என்ற பெயரில் விற்றோம் என்ற பொருள்பட அவர் சொன்னது டிசம்பர் மாத ‘அட்லாண்டிக்’ இதழில் அச்சானது.

அதிபர் அவரை மதிய உணவுக்கு அழைத்துக் கண்டித்தார். பதவி போகவில்லை, செல்வாக்குப் போயிற்று. அரை நூற்றாண்டாக எதிரணியின் ஆயுதமாக இருந்த வினை, முதல் முறையாக ஆட்சியின் உள்ளே இருந்த ஒருவரின் வாயிலிருந்து வந்துவிட்டது. அமெரிக்க அரசியலில் ஒரு சொல்லுக்கு இவ்வளவு விலை கொடுத்தவர்கள் குறைவு. ஸ்டாக்மனின் வாக்கியத்தில் நான் கவனிப்பது ‘விற்பது’ என்ற இன்னொரு வினை. கொள்கையை வகுப்பவர், விளக்குவது என்று சொல்லாமல், நிரூபிப்பது என்றும் சொல்லாமல், விற்பது என்கிறார். உண்மை பேசும் மனிதருக்குச் சரியான வினை தானாக நாக்கில் வந்து உட்காரும்.

அடுத்த சில வாரங்களில், 1982 பிப்ரவரியில், நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் ஜான் கென்னத் கால்பிரெய்த் இதை எடுத்துக்கொண்டார். இந்தியாவில் அமெரிக்கத் தூதராக 1961 முதல் 1963 வரை இருந்தவர். பொருளாதாரத்தை இவ்வளவு நல்ல நடையில் எழுதியவர் இருபதாம் நூற்றாண்டில் கெய்ன்ஸைத் தவிர இன்னொருவர் இருக்கிறாரா என்பது சந்தேகம். ஸ்டாக்மன் சொன்னதற்கு, நாகரிகம் குறைந்த முந்தைய தலைமுறை வைத்த பெயர் குதிரை–குருவிக் கோட்பாடு என்று அவர் எழுதினார். குதிரைக்கு வேண்டிய மட்டும் ஓட்ஸ் தானியம் போட்டால், அதில் கொஞ்சம் கடந்து சென்று குருவிகளுக்காகச் சாலையில் விழும். கால்பிரெய்த்தின் வினை ‘பாஸ் த்ரூ’. கடந்து செல்லுதல் என்ற அந்தச் சாதுவான வினை, எதன் வழியாகக் கடக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. அசிங்கமான பொருளை அதிகச் சுத்தமான வினையால் சொல்வது அவருடைய நடையின் கையெழுத்து. ஆனாலும் இதை நான் ரோஜர்ஸுக்கு ஒரு படி கீழேதான் வைப்பேன். குதிரைச் சாணத்தைக் கேட்டவர் முகம் சுளித்துச் சிரிக்கிறார். அதற்கப்பால் வாதத்துக்கு வேலை இல்லை. ரோஜர்ஸின் வினை சிரித்த பிறகும் யோசிக்க வைக்கிறது.

2013 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ‘எவாஞ்செலி கௌதியும்’ என்ற மடலின் 54ஆம் பத்தி உலகச் செய்தியாயிற்று. தடையற்ற சந்தை தரும் வளர்ச்சி தானாகவே நீதியைக் கொண்டுவரும் என்ற கோட்பாடுகளை அவர் மறுத்திருந்தார். ஆங்கிலப் பதிப்பில் அவற்றுக்கு நம் வினையின் முத்திரையே இருந்தது. அமெரிக்காவில் வலதுசாரிகள் கொதித்தார்கள். அவருடைய ஸ்பானிய மூலத்தில் இருந்த சொல் ‘தெர்ராமே’. அது சொட்டுதலைக் குறிப்பதில்லை. நிரம்பி வழிந்து சிந்துவதைக் குறிப்பது. ஆங்கிலத்தில் மேலே இருப்பவரின் கஞ்சத்தனம் தெரிகிறது. ஸ்பானிய மொழியில் மேலே இருப்பவரின் நிறைவு தெரிகிறது. அவர் எந்தப் படத்தை மனத்தில் வைத்திருந்தார் என்பதை அடுத்த மாதமே இத்தாலியின் லா ஸ்டாம்பா நாளிதழுக்குத் தந்த பேட்டியில் விளக்கினார். கோப்பை நிரம்பினால் வழியும், ஏழைகளுக்கு அதில் பயன் இருக்கும் என்பது வாக்குறுதி; நடப்பதோ, நிரம்பியதும் கோப்பை மாயமாகப் பெரிதாகிவிடுகிறது என்றார். ரோஜர்ஸுக்குப் பிறகு இந்தப் பொருளில் சேர்ந்த ஒரே புதிய படம் இதுதான் என்பேன். நீரைப் பற்றியே 80 ஆண்டுகள் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, இவர் பாத்திரத்தைப் பார்த்தார்.

தமிழில் இந்தப் படம் புதியது அல்ல. மூதுரையில் ஔவையார், நெற்பயிருக்காக இறைத்துவிடும் தண்ணீர் வாய்க்காலில் போகும் வழியில் கரையோரப் புல்லையும் நனைப்பதைப் பாடியிருக்கிறார். அங்கே அவர் ஆண்ட வினை பொசிதல். திண்ணைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து பிள்ளைகள் மனப்பாடம் செய்துவரும் பாட்டு. நல்லவர் ஒருவருக்காகப் பெய்யும் மழையின் பயன் எல்லோருக்கும் கிடைக்கும் என்பது அதன் முடிபு. வரிக் கொள்கையோடு அதற்கு எந்த உறவும் இல்லை. ஆனால் வினையின் தேர்வைப் பாருங்கள். கசிதலில் ஒரு விரிசல் இருக்கிறது. ஒழுகுதலில் ஒரு பழுது இருக்கிறது. சொட்டுதலில் இடைவெளி இருக்கிறது. பொசிதலில் இவை எதுவும் இல்லை. ஈரம் மண்ணுக்குள் தானே ஊறிப் பரவுகிறது, யாரும் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை. ஸ்மித்தின் பரவுதலும் ரோஜர்ஸின் வடிதலும் சந்திக்கும் இடத்தில் இந்த வினை நிற்கிறது. இறைத்தவர் நெல்லுக்குத்தான் இறைத்தார் என்பதையும் அந்தப் பாட்டு ஒளிக்கவில்லை. புல்லுக்கென்று யாரும் ஏற்றம் பூட்டவில்லை.

நம் அரசாணைகளிலும் பட்ஜெட் உரைகளிலும் வேறொரு வினை ஆட்சி செய்கிறது: ‘சென்றடைதல்’. திட்டத்தின் பயன்கள் கடைக்கோடி மனிதரையும் சென்றடையும். இதில் நீரும் இல்லை, படகும் இல்லை, கையும் இல்லை. புறப்பட்டது, வழி, வந்து சேர்ந்தது எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடுகின்றன. இடையில் எவ்வளவு நின்றுபோயிற்று என்று கேட்க அந்த வினை இடமே விடுவதில்லை. இதோடு ஒப்பிட்டால், சொட்டுகிற வினை எவ்வளவு நாணயமானது என்பது தெரியும். கொஞ்சம்தான் வருகிறது, மெதுவாகத்தான் வருகிறது என்பதையாவது அது ஒப்புக்கொள்கிறது.

இந்த வினை எண்களைச் சந்தித்த ஒரு தருணமும் உண்டு. 2015 ஜூனில் பன்னாட்டு நிதியத்தின் ஆய்வாளர்கள் வருமான ஏற்றத்தாழ்வு பற்றி ஓர் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள். உச்சியில் உள்ள 20 விழுக்காட்டினரின் வருமானப் பங்கு 1 விழுக்காட்டுப் புள்ளி கூடினால், அடுத்த 5 ஆண்டுகளில் வளர்ச்சி 0.08 புள்ளி குறைகிறது. அடியில் உள்ள 20 விழுக்காட்டினரின் பங்கு அதே அளவு கூடினால் வளர்ச்சி 0.38 புள்ளி கூடுகிறது. வறண்ட நடையில் எழுதும் அந்த நிறுவனம், பயன்கள் கீழே வடிவதில்லை என்று இதைப் பற்றிச் சொல்ல எடுத்துக்கொண்டது ரோஜர்ஸின் வினையைத்தான். நகைச்சுவைப் பத்தியில் பிறந்த வினை பொருளாதார ஆய்வின் முடிவு வாக்கியத்தில் போய் உட்கார்ந்தது. பெயரடையாகச் சுருங்கியிருந்த சொல் அங்கே மறுபடி வினையாகி, எண்ணோடு சேர்ந்து நின்றதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

அரசியல்வாதிகளின் கையில் அது முத்திரையாகவே தொடர்கிறது. 2021 ஏப்ரலில் ஜோ பைடன் நாடாளுமன்றத்தில், சொட்டுகிற பொருளாதாரம் என்றுமே வேலை செய்ததில்லை, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் வளர்ப்போம் என்றார். 2022 செப்டம்பர் 20 அன்று அது தமக்கு அலுத்துச் சலித்துவிட்டது என்று ட்விட்டரில் எழுதினார். அந்த வாரமே பிரிட்டனில் லிஸ் ட்ரஸ் அரசு, வருமான வரியின் 45 விழுக்காட்டு உச்ச விகிதத்தை நீக்கப்போவதாக அறிவித்தது. பவுண்டு டாலருக்கு எதிராக என்றும் காணாத அளவுக்குச் சரிந்தது. அக்டோபர் 3ஆம் தேதி அந்த அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. 20ஆம் தேதி பிரதமர் பதவி விலகலை அறிவித்தார். கடன் வாங்கி வரியைக் குறைக்கும் திட்டத்தைக் கண்டு பத்திரச் சந்தை அஞ்சியதுதான் அதற்கு முதன்மைக் காரணம். சொட்டுமா சொட்டாதா என்ற கேள்விக்கு அங்கே விடை கிடைக்க நேரமே இருக்கவில்லை. இருந்தும், சொட்டுகிற பொருளாதாரம் தோற்றது என்று எழுதி முடித்தவர்கள் பலர். முத்திரை இருக்கும்போது காரணம் தேட வேண்டியதில்லை. இதைத்தான் இழப்பு என்றேன்.

தமிழில் பொருளாதாரம் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். ‘ட்ரிக்கிள் டவுன்’ என்பதைக் கோட்பாட்டின் பெயராக மட்டும் கொண்டுவந்து இறக்காதீர்கள். அதை வினையாகவே ஆளுங்கள். பொசிகிறது என்று எழுதுங்கள், வடிகிறது என்று எழுதுங்கள், இடம் பார்த்து ஒழுகுகிறது என்றும் எழுதுங்கள். எழுதிய கையோடு, எவ்வளவு பொசிந்தது, எத்தனை ஆண்டில், யார் வயலிலிருந்து யார் வரப்புக்கு என்ற கணக்கையும் அதே வாக்கியத்தில் வையுங்கள்.